நூத்தி இருபது நிமிஷம்

மடியில வச்சிருக்கியளே தம்பி, அந்த லேப்டாப்புல ராமையன்பட்டி தாண்டுனதுல இருந்து ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நானும் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டுத்தான் வாரேன். மூடி வைங்க, அது வராது. அந்தப் பக்கத்துல சர்வர் படுத்துட்டு. எப்படித் தெரியும்னு கேக்கியளா? பதினோரு வருஷ சர்வீசு. வைத்தியருக்கு நாடியைப் பிடிச்சா தெரியும்லா, அது மாதிரி எனக்கு வட்டம் சுத்துற சுத்தைப் பாத்தா தெரியும். நெட்டு இல்லாம சுத்துறது ஒரு மாதிரி, சர்வர் படுத்துச் சுத்துறது வேற மாதிரி.

என்னது, டவர் இல்லையா? சரி, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

சங்கரன்கோவிலுக்கா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான், சம்பந்தி வீட்டுக்கு. வார ஆவணி கடைசி ஞாயித்துக்கிழமை எம் மகளுக்குக் கல்யாணம். முன்னாடி போன ரெண்டு பஸ்ஸை விட்டுட்டுத்தான் இதுல ஏறுனேன். ரெண்டும் காலியாத்தான் போச்சு. நேரம் சரியில்ல, விட்டுட்டேன்.

எம் பேரு சுயம்புலிங்கம். வண்ணார்பேட்டையில ஒரு கம்பெனி, கல்யாண மண்டபம் புக் பண்ற வெப்சைட்டு நடத்துதாவ. தெக்கத்திச் சீமையில நானூறு மண்டபம் அதுல இருக்கு. தேதியைத் தட்டுனா எந்த மண்டபம் காலின்னு காட்டும். பிடிச்சதைத் தொட்டு, பேரு ஊரு எழுதுனா கடைசியில 'உறுதி செய்'னு ஒரு பச்சைப் பட்டன் வரும். அதை அழுத்துனா மண்டபம் உங்களுக்கு. இதுக்குப் பின்னால ஓடுறது ஒரு ஜாவா சர்வர். டாம்கேட்னு பேரு, பூனைப் படம் போட்டிருக்கும். நல்ல பூனை, அதைக் குத்தம் சொல்லப்படாது. வச்ச இடத்துல கிடக்கும். அதைக் கொண்டாந்து வச்சு பாலூத்தி வளத்தவன் நான்தான்.

இப்ப அந்த சர்வர் ரூமுக்குள்ள என்னைய விடமாட்டேங்காவ. சாவி ஜெசிந்தாங்கிற பொண்ணுகிட்ட இருக்கு. தூத்துக்குடிக்காரி. எனக்கு மக வயசு. அவ வந்து ஒரே வாரத்துல நடந்த அநியாயத்தைச் சொல்லுதேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு சின்ன காரியம் பண்ணினேன். பச்சைப் பட்டனுக்கு மேல ஒரு பொட்டி வச்சேன். 'இன்றைய ராகு காலம்' இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைன்னு அதுல தெரியும். திங்கக்கிழமைன்னா ஏழரை ஒம்பது, வெள்ளின்னா பத்தரை பன்னெண்டு. தேதிக்குத் தக்க தானா மாறும். யாரும் சொல்லிக் குடுக்கல, என் மண்டையில உதிச்சது. ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் பேசுத மனுசன் ராகு காலத்துல போயி அழுத்திரக் கூடாதுல்லா? ஒரு நல்ல எண்ணம். வாடிக்கையாளுக எல்லாம் கொண்டாடுனாவ. வள்ளியூர்ல இருந்து ஒரு பெரியவரு போன் பண்ணி, 'இதை யோசிச்சவன் நல்லா இருப்பான்'னு சொன்னாரு. மொதலாளி ராஜாமணி இருக்காரே, அவரே என் முதுகுல தட்டுனாரு.

பொறவு ஒரு புகார் வந்துச்சு. எல்லாத்தையும் எழுதி முடிச்சு, பொட்டியைப் பாத்து, 'சரி, ராகு காலம் முடியட்டும்'னு காத்திருக்காவ. அரை மணி நேரம் ஆளு அசையலன்னா சர்வரு வெளிய தள்ளிரும். அது அதோட வழக்கம், முப்பது நிமிஷம்னு எழுதி வச்சிருக்கும். பாவம், மொதல்ல இருந்து எழுதணும். ராகு காலம் எவ்வளவு நேரம்? ஒன்றரை மணி. நான் என்ன செஞ்சேன், அந்த முப்பதை அழிச்சுட்டு நூத்தி இருபதுன்னு போட்டேன். தொண்ணூறு போதும், ஆனா சிலரு கொஞ்சம் முந்தியே வந்து உக்காருவாவல்லா. தாராளமா இருக்கட்டுமேன்னு ரெண்டு மணி நேரம். ஒரே ஒரு எண்ணு தம்பி. அதுக்குப் பொறவு புகாரே இல்ல.

அந்தச் சமயத்துல இருந்துதான் சர்வருக்கு ஒரு சீக்கு பிடிச்சுது. தெனமும் ஒரு வேளை படுத்துக்கிடும். திடீர்னு ஒருத்தனுக்கும் பக்கம் வராது, எல்லாருக்கும் வட்டம் சுத்தும். நான் உள்ள போயி நிறுத்தித் திரும்ப எழுப்பி விடுவேன். உடனே ஓடும். வயசாயிட்டுன்னு நெனைச்சேன். மனுசனுக்கே மத்தியானம் ஒரு தூக்கம் வருதுல்லா. மெமரி கூட்டணும்னு மொதலாளிகிட்டச் சொன்னேன், கூட்டுனாரு. அப்பமும் படுத்துச்சு. இன்னும் கூட்டணும்னேன், கூட்டுனாரு. அப்பமும் படுத்துச்சு. ஆனா ஒண்ணு, நான் தொட்டா எந்திரிச்சிரும். கைராசி. ஒருநாள் நான் லீவு போட்டா கம்பெனியே போன் மேல போன் போடும். மதிப்புன்னா அது மதிப்பு.

ஒரே ஒரு சங்கடம், அது படுக்கிறது பெரும்பாலும் ராகு காலத்துல. ராகு காலத்துல எப்படி ஒண்ணைத் தொடங்க முடியும்? நான் முடியட்டும்னு காத்திருந்துதான் எழுப்புவேன். மொதலாளி வாசல்ல நின்னு, 'என்னவே சுயம்பு, எழுப்புமே, ஆளுக திட்டுதான்'னு கத்துவாரு. 'இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு மொதலாளி'ன்னு கடிகாரத்தைக் காட்டுவேன். அவரும் சாமி கும்பிடுற ஆளுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிருவாரு.

வைகாசியில இந்த ஜெசிந்தா வந்தா. மெட்ராசுல பெரிய கம்பெனியில இருந்தவளாம். வந்து உக்காந்ததும் மொத கேள்வி, 'அண்ணாச்சி, லாக்கெல்லாம் எங்க இருக்கு?' சர்வரு தெனமும் என்ன நடந்துச்சுன்னு தானே எழுதி வச்சுக்கிடும் தம்பி, அதுக்குப் பேரு லாக்கு. 'அதை நான் தெனமும் சாயங்காலம் அழிச்சிருவேன்மா, இடத்தை அடைக்கும்லா'ன்னேன். அந்தப் பொண்ணு என்னையப் பாத்த பார்வை இருக்கே. எங்க வீட்டுல பழைய பேப்பரையெல்லாம் நான் எடைக்குப் போட்டதுல எம் பொண்டாட்டி பூரணத்தோட சீட்டுப் பாஸ்புக்கும் போயிட்டு, அன்னைக்கு அவ பாத்த பார்வை. 'சுத்தமா வச்சிருக்கேன்மா'ன்னேன். 'ரொம்ப சுத்தம் அண்ணாச்சி'ன்னா.

அழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டே இருந்தா. சர்வரு படுத்த உடனே நான் எழுப்பப் போனா, 'இருங்க அண்ணாச்சி, ஒரு நிமிஷம்'னு உள்ள எதையோ தட்டுவா. சர்வரு அப்படிப் படுத்துக் கிடக்கிற நேரத்துல உள்ள யாரு யாரு என்னென்ன செஞ்சுக்கிட்டு நிக்கான்னு ஒரு போட்டோ மாதிரி எடுக்கலாம். எனக்கும் தெரியும். எடுத்ததில்ல. அதுக்கு என்ன அவசியம், எழுப்புனா எந்திரிக்கிற பயலை எதுக்குப் போட்டோ எடுக்கணும்?

வியாழக்கெழமை மொதலாளி ரூமுல கூட்டம். அந்தப் பொண்ணு கையில ஒரு தாளு, இன்னொரு கையில என்ன தெரியுமா? எங்க ஆபீஸ் சுவத்துல தொங்குன தினக் காலண்டரு. ஆணியில இருந்து கழட்டிக் கொண்டாந்துட்டா. 'திங்கக்கெழமை காலையில எட்டேகால், செவ்வா சாயங்காலம் நாலு, புதன் ஒரு மணி, இன்னைக்கு ரெண்டேகால். தெனமும் வேற வேற நேரம்னு நெனைச்சேன். இதைப் பாருங்க சார்'னு காலண்டர் தாளுல ராகு காலத்துக்கு நேரா விரலை வச்சா. எல்லாம் அதுக்குள்ளதான் விழுது.

பொறவு விளக்கம் சொன்னா. சும்மா சொல்லப்படாது, நல்லாத்தான் சொன்னா. 'சார், நம்ம சர்வருக்கும் டேட்டாபேசுக்கும் நடுவுல இருவது கனெக்‌ஷன்தான். பந்தியில இருவது இலைன்னு வச்சுக்கிடுங்க. ஒருத்தர் மண்டபத்தைத் தொட்டு, பேரு எழுதிட்டா ஒரு இலையில உக்காந்தாச்சு. பச்சைப் பட்டனை அழுத்துனாத்தான் எந்திரிப்பாரு. அவரு வெளிய போற வரைக்கும் அந்த இலை அடுத்தவனுக்குக் கிடையாது. ராகு காலம்னு நாமளே எழுதிப் போட்டிருக்கோம், ரெண்டு மணி நேரம் உக்காருங்கன்னு நாமளே இடமும் குடுத்திருக்கோம். இருவது பேரு சாப்பிடாம இலை முன்னாடி உக்காந்திருக்காவ. பின்னால நிக்கிற முன்னூறு பேருக்குப் பசி.' அப்படின்னா. இருவதைக் கூட்டுனாலும் இதே கதிதானாம். புரோகிராமையும் மாத்தணும், அந்தப் பொட்டியையும் எடுக்கணும், நூத்தி இருபதைப் பதினஞ்சு ஆக்கணும்னா.

எனக்குக் கோவம் வருமா வராதா? என் பொட்டி. என் நூத்தி இருபது. 'ஏம்மா, எவனாவது ஒன்றரை மணி நேரம் ஒரு பட்டனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானா? கொஞ்ச நேரம் இருப்பான், எழுதுனதை விட்டுட்டுப் போயிருவான். அப்படி முழுசா உக்காந்திருக்க ஒரு கிறுக்கனை எங் கண்ணுல காட்டு, நான் ஒத்துக்கிடுதேன்'னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். வாசல்ல நின்ன டீக்காரர் கூட எட்டிப் பாத்தாரு. மொதலாளி ரெண்டு பேரையும் பாத்தாரு. 'நாளைக்கு வெள்ளி. பத்தரை பன்னெண்டு. காட்டட்டும்'னுட்டாரு.

இங்கதான் தம்பி எங்க வீட்டுக் கதை வந்து மோதுது. எம் மக பகவதிக்கு மாப்பிள்ளை பாத்து முடிச்சிருந்தோம். சம்பந்தி பேரு கொம்பையா, சங்கரன்கோவில்ல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஊரையே ஓட விட்டவருக்கு இப்ப ரெண்டு முட்டியிலயும் ஆபரேசன், படி ஏற முடியாது. அவரு வச்ச ஒரே கண்டிசன், மணமேடை, பந்தி எல்லாம் கீழயே இருக்கணும். பாளையங்கோட்டையில அப்படி ஒரே ஒரு பெரிய மண்டபம்தான் இருக்கு, அதுல ஆவணி முழுக்க நெறைஞ்சு போச்சு. மாப்பிள்ளை புரட்டாசியில கப்பல் வேலைக்குப் போறாரு, திரும்பி வர ஒரு வருஷம். 'மண்டபம் கிடைச்சா ஆவணி. இல்லன்னா அடுத்த வருஷம் பாப்போம் சுயம்பு சார்'னு கொம்பையா சொல்லிட்டாரு. அடுத்த வருஷம்னா என்ன அர்த்தம்? மனுசன் மனசு ஒரு வருஷம் அப்படியே இருக்குமா? பகவதிக்கு அந்தப் பையனைப் பிடிச்சுப் போச்சு. வாயால சொல்லல, ஆனா அவன் போன் வந்தா மொட்டை மாடிக்குப் போயிருதா. அவளுக்கு இருபத்தெட்டு முடிஞ்சிட்டு. நாலு இடம் தட்டிப் போயி அஞ்சாவதா அமைஞ்சது இது.

வெள்ளிக்கெழமை காலையில நான் வழக்கம் போல அந்த மண்டபத்தோட பக்கத்தைத் திறந்து பாக்கேன். தெனம் பத்து தடவை பாப்பேன். பத்து முப்பத்தாறுக்கு, தம்பி, ஆவணி கடைசி ஞாயித்துக்கிழமை காலின்னு காட்டுது. யாரோ ரத்து பண்ணிட்டாவ. பூரணம் பேருல எல்லாத்தையும் எழுதுனேன். பச்சைப் பட்டன் வந்துட்டு. அதுக்கு மேல பொட்டி. 'இன்றைய ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை.' ஒரு பத்து நிமிஷம் முந்தி ரத்து பண்ணியிருக்கக் கூடாதா அந்தப் பாவி?

நீங்கன்னா என்ன செய்வீங்க? அழுத்துவீங்களா? நீங்க இந்தக் காலத்துப் பிள்ளை, அழுத்துவீங்க. என்னால முடியல. பெத்த மக கல்யாணம். நாலு இடம் தட்டிப் போன பிள்ளை. விடிஞ்சா கல்யாணம்னு நிக்கும்போது ஏதாவது ஒண்ணுன்னா, 'அன்னைக்கு ராகு காலத்துல அழுத்துனியே பாவி'ன்னு எம் மனசே என்னைக் கொல்லும்லா? மண்டபத்தைத்தான் கையில பிடிச்சாச்சே, வேற எவனுக்கும் போகாது. ரெண்டு மணி நேரம் எனக்கு. நானே குடுத்த ரெண்டு மணி நேரம். பன்னெண்டு அடிச்சதும் அழுத்திக்கிடலாம்னு அந்த ஜன்னலைக் கீழ இறக்கி வச்சுட்டு உக்காந்திருந்தேன்.

ஆமா, முந்துன நாள் கூட்டத்துல அப்படிச் சொன்னவன்தான். அது வேற, இது வேற. அவனுக எல்லாம் சும்மா உக்காந்திருக்கவனுக. நான் ஒரு காரணத்தோட உக்காந்திருந்தேன்.

பதினொன்னு இருபது இருக்கும், சர்வரு படுத்துட்டு. போனு அலறுது. ஜெசிந்தா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு எம் மேசைக்கே வந்துட்டா, பின்னாலயே மொதலாளி, அவருக்குப் பின்னால ஆபீசே நிக்கி. 'அண்ணாச்சி, பாருங்க, இருவது இலையும் நிறைஞ்சு போச்சு'ன்னு ஒரு பட்டியலைக் காட்டுதா. எல்லாம் அழுத்தாமக் காத்திருக்க ஆளுக. மொதலாளி, 'ஒரு கிறுக்கனைக் கேட்டீரு, இந்தா இருவது பேரு நிக்கான்'னு சிரிக்காரு. எல்லாரும் சிரிக்காவ.

அவ பட்டியல்ல ஒரு வரியில விரலை வச்சா. 'இருக்கதுலயே பழசு இது. பத்து முப்பத்தாறுல இருந்து இருக்கு. பூரணம்னு பேரு, பாளையங்கோட்டை மண்டபம். அண்ணாச்சி, இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?'

நான் திரையைப் பாக்கேன். பூரணம். எங்க வீட்டுப் பூரணம். 'எனக்கு எப்படிம்மா தெரியும்?'னேன்.

'நம்ம ஆபீசுக்குள்ள இருந்து வந்த மாதிரி இருக்கு அண்ணாச்சி. வேணும்னா இந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததைத் தூக்குதேன். விடட்டுமா?'

மொதலாளி நிக்காரு. டெலிபோன் பிள்ளைக நாலு பேரும் நிக்காவ. நேத்துத்தான் எல்லாரு முன்னாடியும் கிறுக்கன்னு சொல்லியிருக்கேன். 'அதெல்லாம் எவளோ வேலையத்தவளா இருக்கும். தூக்கு'ன்னேன்.

'அண்ணாச்சி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தூக்கவா?'

'தூக்குங்கேன்லா.'

'மண்டபம் போயிரும் அண்ணாச்சி.' மூணாவது தடவை. எதுக்கு மூணு தடவை கேட்டான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அந்தப் பொண்ணுக்கு எப்பவும் ஒரு தயக்கம் உண்டு.

'போனா போகட்டும்'னு சொன்னேன். எங் காதுலயே அது எங் குரல் மாதிரி கேக்கல.

தூக்கிட்டா. அதோட விடல, பொட்டியை எடுத்துட்டு, நூத்தி இருபதைப் பதினஞ்சு ஆக்கி, புது புரோகிராமையும் ஏத்தி, சர்வரை நிறுத்தி எழுப்பப் போனா. 'ராகு காலத்துல எழுப்பாதம்மா'ன்னு கெஞ்சுனேன். 'எனக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி'ன்னுட்டு எழுப்பிட்டா. மணி பதினொன்னு முப்பத்தெட்டு. அது பாட்டுக்கு எந்திரிச்சு ஓடுது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் மூணு வருஷமாப் பாத்ததில்ல. எனக்கு வந்த வயித்தெரிச்சலைச் சொல்லி முடியாது.

கூட்டம் கலைஞ்சதும் அவசர அவசரமா மண்டபத்தைத் தட்டிப் பாத்தேன். ராகு காலமாவது ஒண்ணாவது, அழுத்திருவோம்னுதான் தட்டுனேன். பதினொன்னு நாப்பத்தொண்ணு. 'இந்தத் தேதி பதிவாகிவிட்டது.' மூணே நிமிஷத்துல எவனோ கொண்டு போயிட்டான்.

மாடிப்படியில போயி உக்காந்தேன் தம்பி. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, நீங்க இறங்கிப் போயிருவீங்க. அழுதேன். சர்வரு போச்சுன்னு அழல. எம் மக மொட்டை மாடிக்குப் போற நடை இருக்கே, அது ஞாபகம் வந்துட்டு. நாலு பேரு சிரிப்பாங்கன்னு அவ கல்யாணத்தை என் வாயாலயே தூக்குன்னு சொல்லிட்டேனேன்னு அழுதேன். 'ஆமா, அது எங்க வீட்டு ஆளுதான்'னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. மொதலாளி ஒரு வாரம் கிண்டல் பண்ணுவாரு, அவ்வளவுதானே. வீட்டுக்குப் போயி பகவதி முகத்துல எப்படி முழிக்கன்னு உக்காந்திருக்கேன்.

பன்னெண்டு ரெண்டுக்குப் போனு. கொம்பையா. எடுக்கவே பயந்தேன். 'சம்பந்தி, மண்டபம் கிடைச்சிட்டு'ங்காரு.

அவரும் காலையில இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காரு. காலியானது தெரிஞ்சு உள்ள போனா, 'வேறொருவர் பதிவு செய்துகொண்டிருக்கிறார்'னு காட்டியிருக்கு. 'எவனோ ஒரு கேனப்பய, ஒரு மணி நேரமா அழுத்தவும் மாட்டேங்கான், விடவும் மாட்டேங்கான். நானும் விடலையே. தட்டிக்கிட்டே இருந்தேன். பதினொன்னு முப்பத்தொம்பதுக்குப் பய கையை விட்டான், நான் லபக்குனு பிடிச்சுட்டேன்'னு சொல்லிச் சிரிக்காரு. 'ராகு காலமாச்சே சம்பந்தி'ன்னேன். 'மண்டபத்துக்கு ஏது ராகு காலம், முகூர்த்தத்துக்குப் பாத்தா போதாதா'ங்காரு. அவரு சொன்னா சரிதான், மாப்பிள்ளை வீடு. பணம் கட்டி ரசீது வந்தது பன்னெண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு, அதையும் கேட்டு வச்சுக்கிட்டேன். அப்ப ராகு காலம் முடிஞ்சு போச்சு, கவனிச்சியளா?

பொறவு, 'நீங்க அங்கதானே வேலை பாக்கீங்க, அந்தக் கேனப்பய யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க'ன்னாரு. 'கண்டுபிடிச்சுச் சொல்லுதேன் சம்பந்தி'ன்னேன்.

அன்னைக்கு எழுந்த சர்வரு அதுக்குப் பொறவு இன்னும் படுக்கல. மூணு மாசமாகுது. எழுப்ப வேண்டிய வேலையே இல்லன்னா எழுப்புறவனுக்கு என்ன வேலை? என்னைய வாடிக்கையாளர் போனுக்குப் போட்டுட்டாரு மொதலாளி. 'அந்த ராகு காலப் பொட்டியை ஏன் எடுத்தீங்க?'ன்னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ற வேலை. அன்னைக்கு ராகு காலம் எப்பன்னு வாய்லயே சொல்லிருதேன், என்ன பண்ண. ஜெசிந்தாவுக்குச் சாவி. அந்த வெள்ளிக்கு அடுத்த நாளே எங்கிட்ட வந்து, 'அண்ணாச்சி, கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை உண்டுலா?'ங்கா. மண்டபம் கிடைச்சதை நான் ஆபீசுல ஒரு ஈ காக்காகிட்டக் கூடச் சொல்லல. இவளுக்கு எப்படித் தெரியும்னே தெரியல. இப்ப எம் மகளும் அவளும் தெனமும் போன்ல பேசிச் சிரிக்காவ. என்ன பேசுவாவளோ, பொட்டப்பிள்ளைக பேச்சு.

ஆனா தம்பி, நல்லா யோசிச்சுப் பாத்தா ஒண்ணு புரியுது. பத்து முப்பத்தாறுல இருந்து பதினொன்னு முப்பத்தெட்டு வரைக்கும் அந்த மண்டபத்தை நான் பிடிச்சு வைக்கலன்னா என்ன ஆயிருக்கும்? எவனோ ஒருத்தன் பத்து நாப்பதுக்கே தூக்கிட்டுப் போயிருப்பான். கொம்பையா தட்டித் தட்டி ஏமாந்திருப்பாரு. அப்ப அந்த மண்டபத்தைக் காப்பாத்துனது யாரு? சொல்லுங்க. ஜெசிந்தாவா? நான் போட்ட நூத்தி இருபது காப்பாத்துச்சு. இதை மொதலாளிகிட்டச் சொன்னேன், அவரு எழுந்து வெளிய போயிட்டாரு. உண்மையைக் கேக்க ஆளுகளுக்குப் பொறுமை இல்ல.

கொம்பையா மட்டும் அதை அழகாப் புரிஞ்சுக்கிட்டாரு. போன வாரம் போன் பண்ணி என்ன சொன்னாருன்னு கேளுங்க. 'சம்பந்தி, அந்தக் கேனப்பயலைத் திட்டுனது தப்புதான். அவன் ஒரு மணி நேரம் பிடிச்சு வச்சதாலதான் நமக்குக் கிடைச்சுது. ஆளைக் கண்டுபிடிங்க. கல்யாணத்தன்னைக்கு மேடையில மைக்குல பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நடந்த விசயத்தை எல்லாருக்கும் சொல்லி, என் கையால பொன்னாடை போத்தணும்.' எவ்வளவு பெரிய மனசு பாருங்க. டிரில் மாஸ்டருன்னா முரடா இருப்பாருன்னு நெனைச்சேன்.

அதுக்குத்தான் இப்பப் போறேன். நேர்ல போயிச் சொல்லணும்லா. அன்னைக்கு அந்தப் பொண்ணு மூணு தடவை கேட்டும் வராத வாயி, இன்னைக்கு வரும். நான்தான் அந்த ஆளு சம்பந்தின்னு சொல்லப் போறேன். எம் மொதலாளி, ஜெசிந்தா, டெலிபோன் பிள்ளைக எல்லாரும் முன் வரிசையில உக்காந்திருப்பாவ. பாக்கட்டும்.

பகவதி காலையில கிளம்பும்போது சொல்லுதா, கொம்பையா மாமா பொன்னாடையை வாங்கியே வச்சுட்டாராம், மாம்பழக் கலராம். 'உங்க பட்டு வேட்டிக் கரைக்கு எடுப்பா இருக்கும்பா'ங்கா. அதைப் போத்திக்கிடப் போறது யாருன்னு நான் இன்னும் அவகிட்ட மூச்சு விடல. பெத்த பிள்ளைக்குத் தானாத் தெரியுது பாத்தியளா தம்பி.